விரலுக்குப் புஜம் வரைந்த கதை

இயன்முறை மருத்துவத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்கள் போனில் தோல் இல்லாத ஒரு ஆள் சுற்றிக்கொண்டிருக்கிறாரே, தொட்டால் திரும்பி முதுகைக் காட்டுகிறாரே, அவரைப் போன வாரம் நானும் பார்த்தேன். இதே தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் ஆஸ்பத்திரிப் பக்கம் தலைகாட்டும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. உங்களில் ஒரு பெண் அந்த ஆளை ஒரு பெரியவருக்குத் திருப்பித் திருப்பிக் காட்டி, தோள் ஏன் வலிக்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தாள். பெரியவர் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, "போன் என்ன விலைம்மா?" என்றார்.

இந்தக் கதையை அன்றைக்கே சொல்லியிருப்பேன், மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டிருந்ததால் முடியவில்லை. எந்த மூட்டை எப்படி மடக்குவது, எத்தனை தரம் நீட்டுவது என்பதெல்லாம் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. நான் படங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். என் கண்ணெதிரே ஒரு படத்தால் ஒருவருடைய வலது கை போகப் பார்த்தது. அதைத் தடுக்க வரைந்த இன்னொரு படத்தால் அதே கை மறுபடியும் போகப் பார்த்தது. இரண்டையும் வரைந்தவர் ஒரே ஓவியர்.

கம்பத்துக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவே ஓர் ஆஸ்பத்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள், பெயர் வேண்டாம். என் அறைச் சுவரில் ஒரு பழைய படம் தொங்கியது. தோலுரித்த முழு மனிதன், உள்ளங்கை இரண்டையும் முன்னால் காட்டிக்கொண்டு, தோலை எங்கோ மறந்து வைத்துவிட்டு பஸ்ஸுக்கு நிற்பவர்போல் தூரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். படித்தவர்களுக்கு அது பாடம். வருகிற சனங்களுக்கு அது பிணம்.

ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஜீப்பில் போய்வரும் ஒரு பெண், இடுப்பு வலிக்காக வந்தவர், அதைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டார். "பாவம், எந்த ஊர்க்காரரோ? இப்படிப் போட்டு உரிச்சிருக்காகளே" என்றார். இன்னொரு அம்மா சனிக்கிழமை மத்தியானம் வந்தார். வாசலில் கால் வைத்ததும் அலறினார்.

"ஆத்தாடி! குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போயி எள்ளு விளக்குப் போட்டு, பீடையெல்லாம் கழிச்சுட்டு நேரா இங்கன வாரேன். வந்ததும் இதையா பாக்கணும்?"

திரும்பி நடந்தே போய்விட்டார். முட்டி வலியோடு வந்தவர் அந்த வேகத்தில் போனதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இதில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. உடம்புக்குள் இருப்பதை யாருமே உள்ளபடி வரைந்ததில்லை. எனக்கு உடற்கூறு சொல்லிக்கொடுத்த அம்மையார் முதல் நாளே புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, பிண அறைக்கு அழைத்துப் போனார். புத்தகத்தில் தசை சிவப்பு, தசையை எலும்போடு கட்டும் நாண் வெள்ளை, ரத்தக்குழாய் சிவப்பும் நீலமும். மேசைமேல் எல்லாமே ஒரே பழுப்பாக, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. "மேடம், இதுல சிவப்பு எங்க இருக்கு?" என்று கேட்டேன். "அச்சாபீஸ்காரனைப் போய்க் கேளு" என்றார்.

நம் கோயில் சிலைகளைப் பாருங்கள். தோள் அகலம், இடை மெலிவு, கால் வழவழவென்று இறங்கும், எங்குமே ஒரு நரம்பு புடைக்காது. சாமி மூச்சைப் பிடித்து எதையும் தூக்க வேண்டியதில்லை. மேல்நாட்டுப் பழைய படங்களில் தோலுரித்த மனிதர்கள் மலையும் மேகமும் பின்னணியில் இருக்க ஒயிலாக நிற்பார்கள். ஒருவர் தன் தோலையே கையில் பிடித்துக்கொண்டு, துணி காயப்போட வந்தவர் மாதிரி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் முந்திய வைத்தியர்கள் குரங்கை அறுத்துப் பார்த்துவிட்டு மனிதன் உடம்பு இப்படித்தான் என்று எழுதி வைத்தார்கள், உலகம் அதை வெகுகாலம் நம்பியது. ஆக, எல்லாப் படத்திலும் ஒரு பொய் இருக்கும். எந்தப் பொய் என்று தெரிந்துகொண்டு மாட்டுவதுதான் நம் வேலை.

சனம் பயப்படாத ஒரு படம் வேண்டும் என்று முடிவு செய்தேன். கடைத்தெருவில் பெயின்டர் மொக்கச்சாமி இருந்தார். உடற்பயிற்சிக் கூடங்களின் பலகை, கோயில் சுவரில் முனியாண்டி, கறுப்பசாமி, இப்படி வலுவான உடம்பு எதுவென்றாலும் இந்தப் பள்ளத்தாக்கில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நான் கேட்டது, உடம்பில் ஒரு பாதி தோலோடு, மறு பாதி தசையோடு, பார்க்க மனிதனாக இருக்க வேண்டும் என்று. அவர் கேட்ட முதல் கேள்வி வேறு.

"மேடம், ஆளுக்கு மீசை வைக்கவா?"

"வேணாம்."

"மீசை இல்லாம உடம்பு எடுபடாது மேடம்."

மீசை வைத்தார். அரைக்கால் சட்டை போட்டார், அதற்கு ஒரு பெல்ட்டும் போட்டார். முகத்தில் எந்த நடிகரின் சாயல் இருந்தது என்று நான் சொல்லப்போவதில்லை, உங்களுக்குள் சண்டை வரும். படம் மாட்டிய நாளிலிருந்து அறையில் கூட்டம். சிலர் அதன் முன்னால் செருப்பைக் கழற்றினார்கள். ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால் நெற்றியில் யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள்.

ஒரே ஒரு குறை. விரலுக்கு விரல், கணுவுக்குக் கணு, குட்டிக் குட்டியாகப் புஜம் வைத்திருந்தார் மனிதர்.

உங்களுக்குத் தெரியும், விரலை மடக்க விரலுக்குள் தசை கிடையாது. மடக்குகிற தசையெல்லாம் முழங்கைக்குக் கீழே இருக்கிறது. அங்கிருந்து நாண்கள் மணிக்கட்டு வழியாக உள்ளங்கையில் இறங்கி விரல் நுனிவரை போகின்றன. தசை அங்கே இழுக்க, விரல் இங்கே மடங்கும். இதை மொக்கச்சாமியிடம் சொன்னேன்.

"விரலு வெறிச்சுன்னு கெடந்துச்சு மேடம். ஆளு இம்புட்டுத் தெம்பா நிக்கிறாரு, விரலு மட்டும் சுள்ளி கணக்கா இருந்தா நல்லாவா இருக்கும்?"

"நல்லா இல்லாட்டிப் போகுது, மாத்துங்க."

"வீரபாண்டித் திருவிழாவுக்கு ஆர்ச்சு வேலை தலைக்கு மேல கெடக்கு. அதை முடிச்சுட்டு ஓடியாந்து நாலே இழுப்புல சரிபண்ணிருறேன்."

திருவிழா முடிந்தது, அவர் வரவில்லை. அவருக்குப் பதிலாகக் கறிக்கடை சிக்கந்தர் பாய் வந்தார்.

பாயைக் கம்பத்துக் கடைத்தெருவில் தெரியாதவர் இல்லை. அவர் கத்தி எலும்பில் படும் சத்தத்தை வைத்தே கடை திறந்துவிட்டதா என்று சொல்லிவிடலாம். அப்படிப்பட்டவர் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசியபடியே கறி எடுத்திருக்கிறார். பிடி வழுக்கி வலது கை கத்தி முனைமேலேயே ஓடி, உள்ளங்கை கிழிந்து, நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் போகிற நாண்கள் அறுந்துவிட்டன. மதுரையில் தைத்து, கை அசையாமல் தாங்கப் பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் ஸ்பிளின்ட் கட்டி, மிச்சத்தை என் தலையில் இறக்கிவிட்டார்கள்.

கூட அவர் மனைவி மைமூன் வந்திருந்தார். நான் இரண்டு பேருக்கும் சேர்த்தே சொன்னேன். தைத்த நாண் ஒட்டிப் பலப்பட ஆறு வாரமாவது வேண்டும். அதுவரைக்கும் அந்தக் கையால் எதையும் பிடிக்கக் கூடாது, அமுக்கக் கூடாது. நான் மடக்கிவிடுவேன், நான் காட்டும் மெல்லிய அசைவை மட்டும் அவர் செய்யலாம். அறுந்தால் மறுபடி தைப்பது பெரும்பாடு, தைத்தாலும் பழைய கை வராது.

பாய் சிரித்தார்.

"டாக்டரம்மா, ஆட்டுக்கால் நரம்பு பாத்திருக்கீகளா? குக்கர்ல வச்சு விசில் விசிலா விட்டாலும் வேகாது. எங் கத்தியே மழுங்கிப்போகும். அதைத் தச்சு வேற விட்டிருக்காக. இனி எங்கன அறுகப்போகுது?"

"அது முழு நரம்பு பாய். உங்களுது ஒட்டுப்போட்டது. அப்புறம், நான் டாக்டரம்மா இல்ல."

"சரிங்க டாக்டரம்மா."

மேல்தோலில் போட்ட தையலைப் பிரித்து ஒரு வாரம் இருக்கும். பாய் வழக்கம்போல வந்து உட்கார்ந்தார். மைமூன் உட்காரவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றார்.

"இவுக செய்யிறதைக் கேளுங்க. ஒரு ரப்பர் பந்தைக் கைலிக்குள்ள செருகி வச்சிருக்காக. நான் அடுப்படிக்குப் போனதும் எடுத்து அமுக்குறாக. நேத்துப் பாத்துட்டேன். கேட்டா, எக்ஸசைஸாம்!"

ஸ்பிளின்ட்டை அவிழ்த்து மணிக்கட்டை மெதுவாகப் பின்னால் சாய்த்தேன். நாண் அறுந்திருந்தால் விரல்கள் நீண்டபடியே கிடக்கும். இரண்டு விரலும் தாமாக உள்ளே சுருண்டன. அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது, மூச்சோடு கோபமும் வந்தது.

"அறிவிருக்கா பாய் உங்களுக்கு? யாரு சொன்னா அமுக்கச் சொல்லி?"

அவர் இடது கையைத் தூக்கிச் சுவரைக் காட்டினார்.

"அவரைப் பாருங்க. விரல்ல எம்புட்டுக் கறி! எனக்குப் பாருங்க, வத்திப்போய்க் கெடக்கு. நீங்க மாட்டி வச்ச படம்தான? பெருநாளைக்குள்ள தேத்த வேணாமா?"

பக்ரீத்துக்குச் சில நாள்களே இருந்தன. அவர் தெருவில் பாதி வீட்டுக் குர்பானிக்கு அவர்தான் கத்தி பிடிப்பார், அவருக்கு முன்னால் அவருடைய அத்தா பிடித்தார். அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. "ரெண்டே ஆடு டாக்டரம்மா. சரி, ஒண்ணு. உரிக்க மட்டும்" என்று என்னிடமே பேரம் பேசினார். மைமூன் தலையில் அடித்துக்கொண்டார்.

இங்கே நீங்கள் என்ன செய்வீர்கள்? படம் தப்பு என்று சொல்வீர்கள். நானும் சொன்னேன். அவர் நம்பவில்லை, ஏன் நம்ப வேண்டும்? மீசையும் பெல்ட்டுமாக ஒருவர் சுவரில் நிற்கிறார், ஊரே அவருக்குக் குங்குமம் வைக்கிறது. நான் வெறுங்கையோடு நின்று அப்படி இல்லை என்கிறேன். புத்தகத்தைத் திறந்து காட்டினேன். "இது வெள்ளக்காரன் கையி, நம்ம கை வேற" என்றார். சுவரில் இன்னொரு படத்தை மாட்டினாலும் படத்துக்கு எதிராகப் படம் என்றுதான் ஆகும். சட்டென்று தோன்றியது, அவர் கையிலேயே வரைந்தால் என்ன?

மொக்கச்சாமிக்குப் போன் போட்டேன். என் குரலைக் கேட்டு, விரல் புஜத்தைத் திருத்தத்தான் கூப்பிடுகிறேன் என்று எனாமல் டப்பாவோடு ஓடி வந்தார். பாய் கையில் வரைய வேண்டும் என்றேன். மனிதர் மறு பேச்சில்லாமல் டப்பாவைத் திறந்து பிரஷ்ஷை முக்கினார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறை எலும்பு டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அப்புறம் மொக்கச்சாமி கடைக்குப் போய், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தீட்டும் தண்ணீர்ச் சாயம் வாங்கி வந்தார்.

பாய்க்கு ஒரு சந்தேகம். "தொழுகைக்கு ஒளு செய்யத் தண்ணி தொட்டா இது போயிரும்ல?"

"போயிரும்."

"அப்பச் சரி."

வரைவதற்கு முன்னால் ஓவியருக்கு முதலில் பாடம் எடுக்க வேண்டியிருந்தது. வலது கையால் இடது முழங்கைக்குக் கீழே பிடிக்கச் சொல்லி, இடது கை விரல்களை ஆட்டச் சொன்னேன். ஆட்டினார். கண் விரிந்தது.

"ஆத்தீ! உள்ள எலி ஓடுது மேடம்!"

"அதுதான் தசை. விரலை மடக்குறது அதுதான்."

"அப்ப விரலுக்குள்ள?"

"வெறும் கயிறு."

மறுபடி விரலை ஆட்டிப் பார்த்தார். "கூடலூர் வரைக்கும் அம்புட்டு ஜிம்முலயும் விரல்ல புஜம் வச்சுட்டேனே" என்றார். மைமூன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பாயும் சிரித்தபடி தன் இடது கை விரல்களை ஆட்டி முன்கையைப் பார்த்துக்கொண்டார்.

பிறகு மொக்கச்சாமி வரைந்தார் பாருங்கள், அந்தக் கையை நான் கும்பிட வேண்டும். முழங்கைக்குக் கீழே சிவப்பாகத் தசை புரண்டு இறங்கியது. மணிக்கட்டுக்கு மேலே அது வெளுத்து, இழை இழையாகப் பிரிந்து, ஒவ்வொரு விரலுக்கும் ஒரு வெள்ளைக் கயிறாக ஓடியது. வடுவில் சாயம் படாமல் அதன் இருபுறமும் நிறுத்தி, அறுந்து தைத்த இடத்தைக் கறுப்பில் சின்னத் தையலாகக் காட்டினார். நான் பாயின் முன்கையை என் விரலால் மெல்ல அமுக்கினேன். மோதிர விரல் லேசாக அசைந்தது. வெள்ளைக் கயிறு இழுத்ததால் அசைந்த மாதிரியே இருந்தது.

பாய் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

"இந்தத் தையலு, எம்புட்டுத் தண்டி இருக்கும்?"

"உங்க தலைமுடியைவிடக் கொஞ்சம் தண்டி."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான். அதை நம்பித்தான் ரெண்டு விரலும் இருக்கு. பந்தை அமுக்குனா முழங்கையிலிருந்து இழுக்கும். இழுத்தா முதல்ல விடுறது அந்த நூலுதான்."

அவர் இடது கையை இடுப்புக்குக் கொண்டுபோய், பந்தை எடுத்து மைமூனிடம் கொடுத்தார். எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

மறுநாள் காலையில் மொக்கச்சாமியே போன் செய்தார். அவர் கடைக்கு நேர் எதிரே கறிக்கடை. பாய் தொழுதுவிட்டு, சாயம் கரைந்துபோன கையோடு வந்து நின்று, திரும்ப வரையச் சொல்கிறாராம். என்ன விஷயம் என்று விசாரித்தால், முந்தின நாள் அந்தக் கையோடு கடைத்தெருவில் நடந்தபோது கிடைத்த மரியாதை அப்படி. டீக்கடையில் எழுந்து இடம் கொடுத்திருக்கிறார்கள். கறி வாங்க வந்தவர்கள் கறியை மறந்துவிட்டு முன்கையைப் பார்த்திருக்கிறார்கள். இவர் ஒவ்வொருவருக்கும் அவரவர் முன்கையிலேயே எலி ஓடுவதைக் காட்டியிருக்கிறார். அதிலிருந்து தினமும் காலையில் ஓவியர் கடையில் அவர் கைக்குப் புதுச் சாயம் போடுவது வழக்கமாகிவிட்டது. கடையில் அவர் தன்னை மறந்து கத்தியைப் பார்த்தால்கூட, "பாய், நூலு, நூலு!" என்று எதிர் வரிசையே கத்துமாம்.

கத்திப் பிரச்சினை முடிந்தது என்று நான் நிம்மதியாக இருந்தேன். மைமூன் அதைக் கெடுத்தார்.

"டாக்டரம்மா, கறிய நான் பாத்துக்கிருவேன், எங்கண்ணன் வாராக. பெருநாள் தொழுகை முடிஞ்சதும் கை கொடுப்பாகளே, அதுக்கு என்ன செய்ய?"

எனக்கு உறைத்தது. பெருநாள் தொழுது முடித்ததும் ஒருவருக்கொருவர் கை கொடுப்பார்கள், தழுவிக்கொள்வார்கள். பாய்க்குத் தெரிந்தவர்கள் கொஞ்சநஞ்சமா? ஊரே வலது கையை நீட்டும். அதிலும் அன்பு கூடின ஆட்கள் இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்குவார்கள். ஸ்பிளின்ட்டைப் பார்த்துப் பாதிப் பேர் விலகினாலும் மீதிப் பேர், "கையில என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே பிடிப்பார்கள். வீட்டிலேயே இருங்கள் என்று பாயிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொன்னாலும் அவர் கேட்கமாட்டார்.

கையை மூடி மறைக்கலாம் என்றார் எலும்பு டாக்டர். மூடினால் ஆவல் கூடும், தொட்டுப் பார்ப்பார்கள் என்று எனக்குப் பட்டது. திறந்தே போகட்டும், அதுவும் உள்ளங்கை கோரமாகப் போகட்டும் என்று மொக்கச்சாமியிடம் சொன்னேன். அவருக்கு வேறென்ன வேண்டும்! பெருநாள் காலையில் பாய் ஒளு செய்துவிட்டு வந்ததும், ஒரு பொட்டுத் தோல் மிச்சமில்லாத மாதிரி வரைந்து தள்ளிவிட்டார். பிரஷ்ஷும் கையுமாகத் தொழுகைத் திடல் வாசல் வரை காவலுக்கும் போனார், பிரியாணி நிச்சயம் என்பதால். அங்கே நடந்ததை அவர்தான் எனக்குச் சொன்னார்.

முதலில் வந்தவர் கையை நீட்டி, பாதியிலேயே இழுத்துக்கொண்டார். "யா அல்லா! தோலு எங்க பாய்?" என்றார். அடுத்தவர் தன் கையை நெஞ்சில் வைத்து, தலையைத் தாழ்த்தி சலாம் சொன்னார். அதைப் பார்த்து அவருக்குப் பின்னால் வந்தவர்களும் நெஞ்சில் கை வைத்தார்கள். பாய்க்கு முன்னால் மட்டும் வரிசை அப்படியே வணங்கிக்கொண்டு நகர்ந்ததாம். "எம்.எல்.ஏ.வுக்குக்கூட இப்படி நடக்காது மேடம்" என்றார் மொக்கச்சாமி. கறி வேலையை மைமூனும் அண்ணனும் பார்த்துக்கொண்டார்கள். துண்டு சின்னதாக இருக்கிறது, பெரிதாக இருக்கிறது என்று பாய் நாற்காலியிலிருந்து குறை சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். கடைசியில் மைமூன் கத்தியோடு திரும்பிப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டாராம்.

நான் எவ்வளவு பெருமைப்பட்டேன் தெரியுமா? பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். வெற்றி பெற்ற வைத்தியம் ஒன்று கையில் இருக்கும்போது, அடுத்து என்ன வரும் என்று யோசிக்க மறந்துவிடும், கவனமாக இருங்கள்.

ஆறு வாரம் முடிந்தது. ஸ்பிளின்ட்டைக் கழற்றினேன். இனி அவராக மெல்ல மடக்க வேண்டும், நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்ட வேண்டும். அசைக்காமல் விட்டால் தைத்த இடம் சுற்றியுள்ள சதையோடு ஒட்டிக்கொள்ளும். நாண் முழுசாகவே இருக்கும், ஆனால் நகராது.

"மடக்குங்க பாய்."

அவர் மடக்கவில்லை.

"இனிமே பயமில்ல, மடக்கலாம்."

கையை மடியில் தலையணைமேல் வைத்து, அடைகாக்கிற மாதிரி இடது கையால் சுற்றிப் பிடித்திருந்தார். அன்றைய சாயம் பளபளவென்று இருந்தது. கறுப்புத் தையல் ஒவ்வொன்றையும் எண்ணிவிடலாம் போலிருந்தது. "நூலு" என்றார்.

இரண்டு விரலும் கட்டையாக நின்றன. நான் மடக்கிவிட்டால் கொஞ்சம் வரும், விட்டதும் நீளும். முன்கைத் தசையை அவர் அசைக்கவே மாட்டேன் என்கிறார். அடுத்த தடவையும் அப்படித்தான், அதற்கடுத்த தடவையும் அப்படித்தான். கொஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். மதுரை டாக்டரிடம் பேசினேன். இப்படியே போனால் கையைத் திறந்து, ஒட்டிக்கொண்ட நாணைப் பிரிக்க வேண்டிவரும், அதுவும் எப்படி முடியும் என்று சொல்ல முடியாது என்றார். எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. அடங்காத மனிதரை அடக்கியாயிற்று, இப்போது அவர் அசைய மறுக்கிறார்.

மைமூன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு அழுதார்.

"சோத்தைப் பிசையக்கூடக் கைய எடுக்க மாட்டேங்கிறாக டாக்டரம்மா. இடது கையில ஸ்பூனு பிடிச்சுத் திங்கிறாக. தூங்கையிலயும் கைக்கு ஒரு தலவாணி. கத்தி பிடிச்ச மனுசன் இப்படி ஆயிட்டாகளே."

அவர் சொல்லச் சொல்ல எனக்குப் புரிந்தது. எந்தப் படமும் அசையாது. என் அறையிலிருந்த பழைய படத்தில் அந்த மனிதன் பஸ்ஸுக்கு நின்றது நின்றபடிதான். மொக்கச்சாமி படத்திலும் நூல் ஒட்டவே ஒட்டாது, ஆறு வாரம் ஆனாலும் ஆறு வருசம் ஆனாலும் முதல் நாள் தைத்த மாதிரியே இருக்கும். உள்ளே உடம்பு தன் வேலையை முடித்துவிட்டது. பாய் பார்ப்பது வெளியே இருக்கிறதை. தினமும் காலையில் ஒருவர் அதைப் புதுப்பித்து வேறு கொடுக்கிறார்.

மறுநாள் அவர் வந்ததும் கை கழுவும் தொட்டிப் பக்கம் அழைத்தேன்.

"சாயத்தைக் கழுவப்போறோம் பாய்."

"வேணாம் டாக்டரம்மா. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"ஒளுவுக்குப் போறதுதான?"

"அது தானாப் போகும். நானாப் போய்க் கழுவுறது..." என்று இழுத்தார். முகத்தைப் பார்த்தேன். பெருநாளில் ஊரே வணங்கிய கை அது, அதைப் போய்க் கழுவு என்கிறேன். அதற்கடியில் தன் கை எப்படி இருக்கிறது என்று ஒளுவின்போதுகூட அவர் உற்றுப் பார்த்ததில்லை, பயம். பார்த்தால் ஒட்டியதா இல்லையா என்று தெரிந்துவிடுமே.

மைமூன் குழாயைத் திறந்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன், மைமூன் சோப்பை எடுத்துத் தேய்த்தார். முன்கையின் சிவப்பெல்லாம் தொட்டியில் ஓடியது. வெள்ளைக் கயிறுகள் கலங்கி நுரையோடு போயின. உள்ளங்கையில் கறுப்புத் தையல் கொஞ்சம் பிடிவாதமாக நின்றது. மைமூன் கட்டைவிரலால் மெல்லத் துடைத்தார், அதுவும் போனது. அடியில் வெறும் கை இருந்தது, சாதாரணக் கை. நடுவில் வெளுப்பாக ஒரு வடு. பாய் அதை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மைமூன் கையிலிருந்து சோப்பு நழுவியது.

அது தொட்டியின் விளிம்பில் பட்டு எகிறியது. பாயின் வலது கை என் பிடியிலிருந்து உருவிக்கொண்டு போய் அதைப் பிடித்தது. யோசித்திருந்தால் பிடித்திருக்க மாட்டார். முழுசாக மடங்கவில்லை, மோதிர விரல் பாதிதான் வந்தது. ஆனாலும் சோப்பு விரல்களுக்குள் இருந்தது.

மூன்று பேரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றோம். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. "அறுகல" என்றார் பாய், மிகவும் மெதுவாக. மைமூன் அழுதுகொண்டே சிரித்தார். அவர் கையிலிருந்து சோப்பை வாங்கி, மறுபடி கீழே போட்டார். பாய் பிடித்தார்.

மூன்றாவது தடவை நான் போட்டேன்.